தொட்டிச் சுவரைத் தொடணும்

— கிட்ட வராதே. சொல்லிட்டேன். தள்ளியே வா.

— தள்ளித்தான் வர்றேன் மாமா. இதுக்கு மேல தள்ளினா பள்ளத்துலதான் நடக்கணும்.

— பள்ளத்துல நட. நீ கிட்ட வந்து, அப்புறம் உன் புருஷன்கிட்ட 'நான்தான் தாங்கிப் பிடிச்சேன்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும், என் கதை முடிஞ்சுது. நாளைக்குக் காலையில பண்ணைக்காரன் வண்டியோட வந்து நிப்பான். ரெண்டு நாயையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவான்.

— நான் அப்படிச் சொல்வேனா?

— சொல்ல மாட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ அவன் பொண்டாட்டி. எனக்கா சாட்சி சொல்லப் போற?

— சரி, அவர் போட்ட நிபந்தனையை உங்க வாயாலயே இன்னொரு தடவை சொல்லிடுங்க. மேல போய் 'அப்படியா சொன்னான்'னு சண்டை வரக் கூடாது.

— உச்சியில இருக்கிற தண்ணித் தொட்டிச் சுவரை நான் என் கையால தொடணும். வழியில ஒருத்தரும் என்னைப் பிடிக்கக் கூடாது. நாய் ரெண்டும் என் கையை விட்டுப் போகக் கூடாது. தொட்டா நாய் வீட்டுல இருக்கும். தொடலன்னா பண்ணைக்குப் போகும். இதானே? பெரிய மலைன்னு மலையைக் காட்டிட்டான். சின்னப் பசங்க பந்து உதைக்க ஓடுற மேடு இது.

— இடுப்பெலும்பு உடைஞ்சு, உள்ள கம்பி வச்சுத் தைச்சு, இத்தனை மாசமா கட்டிலுக்கும் கூடத்துக்கும் நடந்துகிட்டிருக்கிற ஆளுக்கு மேடும் மலைதான்னு டாக்டர் சொன்னார்.

— டாக்டரு! ஆயுசு முழுக்கச் சாரம் கட்டினவன் நான். கட்டடத்துக்கு வெளிய, வெறும் மூங்கில் மேல, மேகத்துக்குப் பக்கத்துல நின்னு கயிறு இறுக்கினவன். ஒரு நாள் விழுந்திருக்கேனா?

— விழல. குளிக்கிற அறையில சோப்புலதான் விழுந்தீங்க.

— அது யாரு வச்ச சோப்பு?

— நான் வச்ச சோப்புதான் மாமா. அதைத்தானே விழுந்த அன்னைக்கிலிருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்.

— தெரிஞ்சா சரி.

— அப்பப்பா, என்ன குளிரு! வாயைத் திறந்தா கொதிக்கிற பானை மாதிரி ஆவி வருது. கழுத்துத் துணியை நல்லாச் சுத்திக்குங்க.

— சுத்தினா கழுத்தைத் திருப்ப முடியாது. திருப்ப முடியலன்னா பின்னாடி நீ என்ன பண்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— நான் என்ன பண்ணப் போறேன்? ஃபிளாஸ்க்ல டீ வச்சிருக்கேன். ஒரு வாய் குடிங்க.

— நீ முதல்ல குடி.

— இதோ, குடிச்சிட்டேன். பாருங்க.

— வேணாம்.

— நான்தான் குடிச்சிட்டேனே!

— நீ குடிச்சா? உனக்கு ராத்திரி வரைக்கும் வேலை இல்ல, நீ தூங்கலாம். நான் தூங்க முடியாது. அதுல என்ன மாத்திரை கரைச்சிருக்கோ.

— ஐயோ கடவுளே.

— ஆணி! இழுக்காதேன்னு சொன்னேன்ல? மேஸ்திரி, வாடா, வா. கால்ல என்ன சிமெண்டா பூசியிருக்கு?

— இந்தக் கயிறை விட்டுட்டு, அவர் வாங்கிட்டு வந்தாரே கொக்கி வச்ச வாரு, அதையாவது போட்டிருக்கலாம்.

— கொக்கியா? எப்ப வாயைத் திறக்கும்னு கொக்கிக்கே தெரியாது. இது சாரக் கயிறு. நான் போட்ட முடிச்சு. நான் அவிழ்த்தாத்தான் அவிழும்.

— மேஸ்திரின்னு பேர் வச்சதாலதான் அது இப்படி அசைஞ்சு அசைஞ்சு வருது.

— பேர் நாங்க வைக்கல, தானா வந்துச்சு. கட்டட வேலை நடந்த இடத்துல பொறந்த குட்டி. நாங்க வேர்த்து விறுவிறுத்து வேலை செய்வோம், இது மணல் குவியல் மேல உக்காந்து எங்களையே பார்த்துக்கிட்டிருக்கும். ஒரு செங்கல் தூக்கினதில்ல. அப்புறம் என்னன்னு கூப்பிடுறது? ஆணி அப்புறம் வந்தவ. எங்கயாவது போய்க் குத்திக்கிட்டு நிப்பா.

— உங்க பையனுக்கு இதுங்க மேல கோபமில்ல மாமா. ஆணி ஒரு இழுப்பு இழுத்து, நீங்க இன்னொரு தடவை விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். வேற ஒண்ணுமில்ல.

— பயமா? பெத்த அப்பனை உள்ள வச்சு ராத்திரி கேட்டைப் பூட்டிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுக்கிறான். அவனுக்குப் பயமா? அந்தப் பூட்டையாவது ஒழுங்காப் போடத் தெரியுதா?

— ஏன், பூட்டுக்கு என்ன?

— ஒண்ணுமில்ல.

— என்னமோ சொல்ல வந்தீங்களே.

— ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. அவனுக்கு எதுவும் உருப்படியா வராது, அதைச் சொன்னேன். வழியைப் பார்த்து நட.

— நீங்க பார்த்து நடங்க. பனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையா விறைச்சு நிக்குது. கல்லு வழுக்கும்.

— எனக்குத் தெரியாதா? இந்த வழியில எது ஆடும் எது ஆடாதுன்னு... ஐயோ!

— மாமா!

— வராதே! தொட்டே, இந்தக் கைத்தடியாலயே போடுவேன்!

— வரல, வரல! அடி எங்க? இடுப்பா?

— முட்டி. முட்டிதான். இடுப்பு தாங்கிருச்சு. கயிறு? கயிறு கையில இருக்கா?

— இருக்கு. மணிக்கட்டுல சுத்தினது சுத்தினபடி இருக்கு. ஆணி உங்க மூஞ்சியை நக்குறா, அது தெரியலயா?

— போடி அந்தப் பக்கம். மேஸ்திரி, இங்க வா. இன்னும் கிட்ட. நில்லு. அசையாம நில்லு ராஜா, உன் முதுகைக் கொடு. ம்... ம்ம்... ஆங். எழுந்துட்டேன். பார்த்தியா?

— பார்த்தேன்.

— யாராவது பிடிச்சாங்களா?

— யாரும் பிடிக்கல. நீங்கதான் மேஸ்திரியைப் பிடிச்சீங்க.

— நாயைப் பிடிக்கக் கூடாதுன்னு அவன் சொல்லலயே?

— சொல்லல. அதனால அது பாஸ்.

— என்ன பாஸு?

— எங்க கம்பெனியில அப்படித்தான். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். தையல் சரியா இருந்தா பாஸ். ஒரு நூல் தொங்கினாலும் திருப்பி அனுப்பிடுவேன்.

— தைச்ச பொண்ணு என்ன சொல்லுவா?

— மனசுக்குள்ள என்ன சொல்லுவாளோ, என் காதுக்கு வந்ததில்ல. மாமா, ஒண்ணு கேக்கவா?

— கேக்க வேணாம்னா விடவா போற?

— தட்டிப் பார்க்காம எது மேலயும் காலை வைக்க மாட்டீங்களே நீங்க? குதிகாலால ஒரு தட்டு தட்டி, அப்புறம்தானே வைப்பீங்க?

— சாரத்துல ஏறுறவன் அப்படித்தான். தட்டாத பலகையில காலை வச்சவன் எவனும் இன்னைக்குப் பேச இல்ல.

— பலகையை விடுங்க. நான் ஆசையா வாங்கிட்டு வந்த நாற்காலியையே நாலு உதை உதைச்சுப் பார்த்துட்டுத்தானே உக்காந்தீங்க.

— நல்ல நாற்காலிதான். தாங்குச்சு.

— அப்போ இப்ப வழுக்குச்சே, இந்தக் கல்லை ஏன் தட்டல?

— மறந்துட்டேன்.

— நீங்களா?

— வயசாயிடுச்சு. மறக்கக் கூடாதா? நொய்நொய்னு பேசாம நடம்மா. எனக்கு மூச்சு வாங்குது.

— வாங்கட்டும், நின்னு நின்னு போகலாம். இதோ, வளைவு வந்தாச்சு. கீழ பாருங்க, நம்ம வீட்டுக் கூரை தெரியுது. சமையலறை ஜன்னல்கூடத் தெரியுது.

— தெரியட்டும், நம்ம வீடுதானே. மேஸ்திரி! ஏய்! எங்கடா போற?

— திரும்புது மாமா! வீட்டைப் பார்த்துத் திரும்புது!

— அந்தப் பக்கம் இல்லடா. மேல! மேல வா!

— ஆணியும் திரும்பிட்டா. என்ன இது, ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி இந்த இடத்துல வந்து திரும்புதுங்க?

— குளிரு தாங்கல அதுங்களுக்கு.

— ஆணிக்கா? பனியில உருண்டுகிட்டு வந்தாளே.

— நீ வாயை மூடு. ஆணி, இந்தப் பக்கம்! ஆங், நல்ல பொண்ணு. மேஸ்திரி, எழுந்திரு. எழுந்திருடா. படுக்காதே. நடு வழியில படுத்தா எப்படி?

— நல்லா நீட்டிப் படுத்துடுச்சே.

— இழுத்தா வருவான்.

— இழுக்காதீங்க! அவ்வளவு பெரிய உடம்பை இழுத்தா இடுப்பு போயிடும். வந்த வேலையே கெட்டுடும்.

— பின்ன என்ன பண்ணச் சொல்ற? கயிறை உன் கையில கொடுக்கவா?

— கொடுத்தாலும் வாங்க மாட்டேன். வாங்கினா தோத்துடுவீங்க.

— அப்போ நானும் இங்கயே இருக்கேன்.

— மாமா? உக்காந்துட்டீங்களா?

— உக்காரக் கூடாதுன்னும் அவன் சொல்லல. அந்தப் பண்ணைக்காரனை நீ பார்த்திருக்கியா?

— இல்ல.

— நான் பார்த்திருக்கேன். அவன் வீட்டுக்குச் சாரம் கட்டினேன். கோழிக் கொட்டகைக்கு வெளிய ஒரு கம்பம், கம்பத்துல சங்கிலி, சங்கிலியில ஒரு நாய். அந்த நாய் நடந்து நடந்து கம்பத்தைச் சுத்தி வட்டமாத் தரையே தேய்ஞ்சு போயிருந்துச்சு. மேஸ்திரி வாழ்நாள்ல சங்கிலியைப் பார்த்ததில்ல. இந்தக் கயிறைக்கூட அவன் எனக்காகத்தான் போட்டுக்கிறான், நான் விழாம இருக்க. ஏன்டா, இது தெரியாமப் படுத்துக் கிடக்கிறியேடா.

— போன் அடிக்குது மாமா. அவர்தான்.

— எடுக்காதே!

— எனக்கு ஒண்ணும் கேக்கல. இந்தக் காத்துல யாருக்குக் கேக்கும்?

— ... அடிச்சுகிட்டே இருக்கே.

— காத்துதான் மாமா.

— ம். அது என்ன, புதருக்குள்ள கறுப்பா போகுது?

— தொட்டிக்குப் போற இரும்புக் குழாய். உச்சி வரைக்கும் போகுது.

— இரும்பா? நல்லாப் பார்த்துச் சொல்லு. பிளாஸ்டிக் இல்லயே?

— இரும்புதான். துருப் பிடிச்சிருக்கு. ஏன்?

— நகரு. நகருன்னு சொல்றேன். வேலை நடக்கிற இடத்துல சாப்பாட்டுக்கு மணி கிடையாது. நான்தான் உச்சியில நின்னு இரும்புக் குழாயை மூணு தட்டு தட்டுவேன். எல்லாரும் கொத்துக் கரண்டியைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. எல்லாருக்கும் முந்தி யாரு வருவா தெரியுமா? டேய் மேஸ்திரி! இந்தா கேளு! டங்! டங்! டங்!

— காது நிமிர்ந்துடுச்சு!

— டங்! டங்! டங்!

— எழுந்துட்டான்! மாமா, எழுந்துட்டான்! வாலைப் பாருங்க!

— பின்ன? சாப்பாட்டுக்கு எழாத மேஸ்திரி எங்க இருக்கான்? வா, வா, மேலதான் சாப்பாடு. ஏம்மா, பையில தின்ன ஏதாவது இருக்கா?

— பிஸ்கட் இருக்கு.

— மேல போனதும் முதல் பிஸ்கட் அவனுக்கு. குழாயைத் தட்டிட்டு வெறுங்கையோட நின்னா நாளைக்கு நம்மளை மதிக்க மாட்டான். நானே யாரையும் நம்புறதில்ல, அவனாவது என்னை நம்பட்டும்.

— சரிங்க மாமா. இங்கிருந்து செங்குத்தாப் போகுது, பார்த்து.

— பார்த்துத்தான் போறேன். இந்தக் கல்லு... தட்டு. சரி. இது... தட்டு. ஆடுது, வேணாம். இது... தட்டு. சரி.

— நல்லாத் தட்டுறீங்க.

— தட்டாம?

— ஒண்ணுமில்ல. தட்டுங்க, தட்டுங்க.

— பேச வைக்காதே. மூச்சு... மூச்சை எண்ணிச் செலவு பண்றேன். ஆணி, இப்ப இழு. இப்பதான்டி இழுக்கணும், இழு! ஆங். இது... தட்டு. சரி. இன்னும் எவ்வளவு இருக்கு?

— தலையைத் தூக்கிப் பாருங்க.

— பார்க்க மாட்டேன். ஏறுறப்ப மேலயும் பார்க்கக் கூடாது, கீழயும் பார்க்கக் கூடாது. காலடியைத்தான் பார்க்கணும். நீ சொல்லு.

— கையை நீட்டுங்க.

— என்ன?

— கையை நீட்டுங்க மாமா. முன்னாடி.

— ... சில்லுன்னு இருக்கு.

— சுவரு.

— தொட்டியா?

— தொட்டிச் சுவரேதான்.

— தொட்டுட்டேனா?

— தொட்டுட்டீங்க! ரெண்டு கையாலயும் தொட்டுட்டீங்க!

— தொட்டுட்டேன்டா! டேய் மேஸ்திரி, தொட்டுட்டேன்டா! ஏ ஊரே! கீழ இருக்கிறவனுங்களா! எவன்டா சொன்னான் கிழவன் கட்டில்லயே கிடப்பான்னு? வந்து பாருங்கடா!

— மாமா, ஆணி குரைக்கிற சத்தமே பத்தாதா? ஊரு முழிச்சுக்கப் போகுது.

— முழிக்கட்டும்! குரை ஆணி, நல்லாக் குரை! பிஸ்கட்டை எடு, மேஸ்திரிக்குக் கொடு. முதல்ல அவனுக்கு! ஆங். என் சிங்கமே. இப்ப போடு உன் புருஷனுக்குப் போனு. ஸ்பீக்கர்ல போடு. நீ ஒண்ணு சொல்லி அவன் ஒண்ணு கேக்கிற வேலையெல்லாம் வேணாம்.

— போட்டாச்சு. பேசுங்க.

— அப்பா? எங்கப்பா இருக்கீங்க? எத்தனை தடவை கூப்பிடுறது? நான் என்ன சொல்றேன்னா, முடியலன்னா அங்கயே உக்காருங்க, நான் வந்து கூட்டிட்டு வர்றேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல.

— நீ அங்கயே உக்காரு. இந்தச் சத்தம் கேக்குதா? தொம்! தொம்! என்ன சத்தம் சொல்லு.

— என்னப்பா அது?

— தொட்டிச் சுவரு. கையால தட்டுறேன்.

— நிஜமாவா? அவகிட்ட கொடுங்க. ஏய், அப்பாவை யாரும் பிடிக்கலயே?

— யாரும் பிடிக்கல. நான் பக்கத்துலயே போகல.

— நாய்?

— ரெண்டும் அவர் கையிலதான் இருக்கு. கயிறு ஒரு நொடி கூட மணிக்கட்டை விட்டு இறங்கல. நான் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேங்க. முழுசா பாஸ்.

— நான் என்ன சொல்றேன்னா... சரி. சரிப்பா. பண்ணைக்காரர்கிட்ட வண்டி வேணாம்னு சொல்லிடுறேன்.

— இப்பவே சொல்லு.

— இப்பவே சொல்றேன். அப்பா... மூச்சு வாங்குதா?

— வாங்குதுடா. வாங்காம, செத்தவனா ஏறினேன்? போனை வை. வச்சிட்டானா?

— வச்சிட்டார். குரலைக் கேட்டீங்களா? அழுதுட்டார்னு நினைக்கிறேன்.

— அழட்டும். சளி கரையும். அந்த டீயை எடு.

— மாத்திரை கரைச்சிருந்தா?

— இனிமே தூங்கினா என்ன? ஜெயிச்சாச்சு. ஊத்து... ம். சூடாத்தான் இருக்கு. சர்க்கரையை டீக்குச் சும்மா காட்டிட்டு டப்பாவை மூடிட்ட போல.

— மாமா, இப்ப கேக்கலாமா?

— என்னத்தை?

— வளைவு வரைக்கும் நீங்க ஒரு கல்லைக்கூடத் தட்டல. வளைவுக்கு மேலதான் ஒவ்வொண்ணா தட்டினீங்க.

— அதுக்கு?

— தட்டாத கல்லுல நீங்க காலை வைக்க மாட்டீங்க. அப்போ வளைவு வரைக்கும் உள்ள கல்லையெல்லாம் ஏற்கெனவே தட்டியாச்சு. நேத்து ராத்திரி புதுசா உறைஞ்ச பனியைத்தான் கணக்குல எடுக்கல, வழுக்குச்சு. ரெண்டு நாயும் வளைவு வந்ததும் ஏன் திரும்புச்சு? தினமும் அங்கிருந்துதான் திரும்புது.

— அவன்கிட்டச் சொல்லிடுவியா?

— முதல்ல என்கிட்டச் சொல்லுங்க.

— சொல்றேன், என்ன இப்போ? விடியறதுக்கு முன்னாடி போயிட்டு, நீங்க எழறதுக்குள்ள வந்து படுத்துக்குவேன். முதல் நாள் தெருமுனை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல. நேத்து வரைக்கும் வளைவைத் தாண்ட முடியல. இதுல என்ன தப்பு? அந்த வளைவுக்கு மேல நான் ஏறினது பொய்யா?

— பொய்யில்ல. அதான் பாஸ் போட்டேன்.

— எல்லாத்துக்கும் உன் புருஷனோட மொண்ணைத்தனம்தான் காரணம். பூட்டை மாட்டுவான், அழுத்த மாட்டான். தினமும் கையை வச்சதும் தானா திறந்துக்கும். அந்தக் கேட்டும் குளிருல இரும்பு சுருங்கிடுச்சு போல, முன்னெல்லாம் கிறீச்னு கத்தும், இப்ப சத்தமே இல்ல. எனக்கு நல்ல நேரம். இல்லன்னா கட்டிலோட கிடந்திருப்பேன்.

— அவர் ஒரு ராத்திரிகூட அழுத்தாம விட்டதில்ல மாமா. தினமும் உங்களுக்கு முன்னாடி எழுந்து, அவர் தலையை மெதுவாத் தூக்கி, சாவியை எடுத்துத் திறந்து வச்சது நான். கீலுக்கு எண்ணெய் விட்டதும் நான்தான். நீங்க வளைவு வரைக்கும் போய்த் திரும்புறதை ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தான் அடுப்பையே பத்த வைப்பேன். கல்லு, பலகை, நாற்காலி, டீ, எல்லாத்தையும் தட்டிப் பார்த்தீங்களே, அந்தக் கேட்டை ஒரு நாளாவது தட்டிப் பார்த்தீங்களா?